ஊர்ப் பெயரும் ஆலய மணியும்

2015-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 15-ஆம் நாள், பிரான்சு நாட்டின் மேற்குப் பகுதியில் உள்ள லெ பேன் ஆன் மோஜ் என்னும் சிற்றூர் தனி ஊராட்சி என்னும் நிலையை இழந்தது. ஏறத்தாழ 1,300 மக்கள் வாழ்ந்த அவ்வூர், சுற்றியிருந்த ஒன்பது ஊர்களோடு சேர்ந்து, போப்ரேயோ ஆன் மோஜ் என்னும் பெரிய நகராட்சியில் கலந்தது. மன்ற உறுப்பினர்கள் கூடிப் பேசினர், வாக்களித்தனர், அரசின் ஆணை பிறந்தது, ஊர் இணைந்தது.

இதில் வியப்பதற்கு என்ன இருக்கிறது என்று வாசகர் வினவலாம். சிற்றூர்கள் பேரூர்களோடு இணைவது உலகெங்கும் நிகழ்வதுதானே? வியப்பு இவ்வூரின் பழைய வரலாற்றில் இருக்கிறது. 222 ஆண்டுகளுக்கு முன், 1793 மார்ச்சு 13 அன்று, பிரெஞ்சுப் புரட்சி அரசை எதிர்த்து மூண்ட பெரும் போர் ஒன்றின் முதல் அணிகளுள் ஒன்று இதே சிற்றூரிலிருந்துதான் புறப்பட்டது. தங்கள் பங்கின் உரிமையில் அரசு கை வைத்தது என்பதும், தங்கள் பங்குத்தந்தையை அரசு விரட்டியது என்பதும் அப்போரின் முதன்மையான காரணங்களுள் அடங்கும். அன்று முன்னோர் உயிரைக் கொடுத்துக் காக்க முனைந்த ஒன்றை, இன்று அவர்தம் வழித்தோன்றல்கள் வாக்குச் சீட்டால் ஒப்படைத்தது எவ்வாறு? மக்கள் மாறினரா? காக்க வேண்டிய பொருள் மாறிற்றா? வரலாற்றின் துணைகொண்டு இவ்வினாவை ஆராய்வோம்.

மோஜ் நாடு

லுவார் என்னும் பேராற்றின் தெற்கே, ஆன்ஜே மறைமாவட்டத்தின் ஒரு பகுதியாக விளங்குவது மோஜ் நாடு. இது பழைய ஆன்ஜூ மாநிலத்தைச் சேர்ந்தது. பெருஞ்சமவெளிகள் இங்கில்லை. உயர்ந்த புதர்வேலிகளால் சூழப்பட்ட சிறு சிறு வயல்களும், இருபுறமும் மேடு உயர்ந்து நடுவில் பள்ளமாகச் செல்லும் ஒடுங்கிய வழிகளும், ஒன்றுக்கொன்று தொலைவாகச் சிதறிக் கிடந்த பண்ணை வீடுகளுமே அந்நாளைய மோஜ் நாடு. உழவரோடு நெசவாளரும் இங்கே பலர் இருந்தனர். ஷோலே நகரின் வணிகர்களுக்காக அவர்கள் தத்தம் குடில்களில் தறியிட்டுக் கைக்குட்டைத் துணி நெய்தனர்.

இவ்வாறு சிதறி வாழும் மக்கள் ஒருவரை ஒருவர் காண்பது எப்பொழுது? ஞாயிறு திருப்பலியின்போதுதான். ஆறு நாள் தனித்துக் கிடந்தவர்கள் ஏழாம் நாள் ஆலய முற்றத்தில் ஊராயினர். பிறப்பும் திருமணமும் இறப்பும் அங்கேதான் அறிவிக்கப்பட்டன. நிலக் குத்தகையும் மாட்டு விலையும் அம்முற்றத்திலேயே பேசி முடிக்கப்பட்டன. வழிபாட்டுக்குரிய இடமாக இருந்த பங்கு ஊர் என்பதன் வடிவமாகவும் விளங்கிற்று. 1964-இல் இப்பகுதியைப் பற்றி விரிவான ஆய்வு நூல் எழுதிய அமெரிக்க அறிஞர் சார்லசு டில்லி, போரின் காரணங்களை அரச பக்தி என்றோ சமயப் பற்று என்றோ ஒரே சொல்லில் அடக்காமல், நகர வணிகருக்கும் கிராமச் சமூகத்துக்கும் இடையே வளர்ந்த பிளவையும் சேர்த்தே ஆராய்ந்தார்.

இம்மக்களின் பக்தியை உருவாக்கியதில் புனித லூயி மரிய மான்ஃபோர்ட்டின் வழிவந்த மறைப்பணியாளர்களுக்குப் பெரும் பங்குண்டு. 1716-இல் மான்ஃபோர்ட் உயிர்நீத்த சேன் லோரான் சுர் செவ்ர் என்னும் ஊர் மோஜ் நாட்டின் தெற்கு எல்லையை ஒட்டியது. அங்கிருந்து புறப்பட்ட குருக்கள் 18-ஆம் நூற்றாண்டு முழுவதும் ஊர் ஊராகச் சென்று தியானங்கள் நடத்தினர்; சிலுவைகளை நட்டனர்; செபமாலைப் பக்தியையும் திரு இருதயப் பக்தியையும் பரப்பினர். ஏற்காட்டில் மான்ஃபோர்ட் பள்ளியை நிறுவிய புனித கபிரியேல் சபைச் சகோதரர்களின் வேரும் அதே ஊரில்தான் உள்ளது என்பதை நம் வாசகர்கள் நினைவிற் கொள்ளலாம்.

பங்கே ஊராட்சியானது

1789-இல் புரட்சி எழுந்தது. அவ்வாண்டு டிசம்பர் 14-ஆம் நாள் இயற்றப்பட்ட சட்டம், ஒவ்வொரு நகரிலும் பேரூரிலும் பங்கிலும் நாட்டுப்புறச் சமூகத்திலும் ஓர் ஊராட்சி அமையும் என்று கூறிற்று. நாட்டுப்புறத்தில் பெரும்பாலும் பழைய பங்கின் எல்லையே புதிய ஊராட்சியின் எல்லையாயிற்று. பிரான்சின் ஊராட்சிகள் ஏனைய ஐரோப்பிய நாடுகளில் உள்ளவற்றைவிட எண்ணிக்கையில் மிகுதியாகவும் அளவில் சிறியனவாகவும் இருப்பதற்கு இதுவே மூலகாரணம். திருச்சபை பல நூற்றாண்டுகளாக வரைந்த எல்லைக்கோட்டின்மீது அரசு தன் கோட்டை வரைந்துகொண்டது.

ஆனால் அடுத்த ஆண்டே அரசின் கை நீண்டது. 1790 ஜூலை 12-இல் நிறைவேறிய குருக்கள் பற்றிய குடிமைச் சட்டம், ஆயர்களையும் பங்குத்தந்தையரையும் குடிமக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்றது. மறைமாவட்டங்களை மாநிலங்களின் எண்ணிக்கைக்கு ஏற்ப 83 ஆகக் குறைத்தது. 6,000 மக்களுக்கு மேற்படாத நகரங்களிலும் பேரூர்களிலும் ஒரே பங்குதான் இருக்க வேண்டும், ஏனைய பங்குகள் அதனோடு இணைக்கப்பட வேண்டும் என்றும் அது விதித்தது. பங்குகளின் இணைப்பு என்னும் செய்தி மோஜ் நாட்டு மக்களின் செவிகளில் முதன்முதல் விழுந்தது அப்பொழுதுதான். ஆலயம் மூடப்படும், மணிகள் இறக்கப்படும், கல்லறைத் தோட்டம் கைவிடப்படும் என்னும் அச்சம் சிற்றூர்களில் பரவிற்று.

அவ்வாண்டு நவம்பர் 27-இல், குருக்கள் அனைவரும் அச்சட்டத்துக்கு உட்படுவதாக உறுதிமொழி எடுக்க வேண்டும் என்ற ஆணை வந்தது. 1791-இல் திருத்தந்தை ஆறாம் பத்திநாதர் அச்சட்டத்தைக் கண்டித்தார். மோஜ் நாட்டுக் குருக்களுள் மிகப் பெரும்பாலோர் உறுதிமொழி எடுக்க மறுத்தனர். அவர்கள் நீக்கப்பட்டு, முன்பின் அறியாத புதிய குருக்கள் படைவீரர் துணையோடு கொண்டுவரப்பட்டனர். மக்கள் அவர்களுடைய திருப்பலிக்குச் செல்லவில்லை. விரட்டப்பட்ட குருக்கள் வைக்கோற் போர்களிலும் களஞ்சியங்களிலும் ஒளிந்து அருளடையாளங்களை வழங்கினர். இரவில் மக்கள் செபமாலை சொல்லிக்கொண்டு சிற்றாலயங்களுக்குப் பவனியாகச் சென்றனர்.

1792 செப்டம்பர் 20-ஆம் நாள் இன்னொரு சட்டம் வந்தது. பல தலைமுறைகளாகப் பங்குத்தந்தையர் எழுதிவந்த திருமுழுக்கு, திருமண, அடக்கப் பதிவேடுகளுக்கு இருந்த சட்டச் சிறப்பு நீக்கப்பட்டு, பிறப்பு, திருமணம், இறப்பு ஆகியவற்றைப் பதியும் பொறுப்பு ஊராட்சிக்கு மாற்றப்பட்டது. ஊரின் நினைவு ஆலயத்திலிருந்து மேயர் அலுவலகத்துக்குக் குடிபெயர்ந்தது எனலாம்.

மாவு பிசைந்த கைகள்

லெ பேன் ஊரில் ழாக் கத்தலினோ என்னும் முப்பத்து நான்கு வயது வணிகர் வாழ்ந்துவந்தார். 1759 ஜனவரி 5-ஆம் நாள் அதே ஊரில் பிறந்தவர், கொத்தனாரின் மகன், வண்டியில் சரக்கேற்றி ஊர் ஊராக விற்பவர். கல்வியும் நற்பண்பும் உடையவர் என்று அறியப்பட்டவர். அவர் உயர்குடியில் பிறந்தவரும் அல்லர். படைப்பயிற்சி பெற்றவரும் அல்லர்.

1793 பிப்ரவரி 24-இல், எல்லைப் போருக்கு 3,00,000 ஆட்களைத் திரட்டப் பாரிசு அரசு ஆணையிட்டது. மார்ச்சு 12-இல் லுவார் ஆற்றங்கரையில் உள்ள சேன் ஃப்ளோரான் லெ வியேய் என்னும் ஊரில், குலுக்கல் முறையில் ஆள் எடுக்க அழைக்கப்பட்ட இளைஞர்கள் கிளர்ந்தெழுந்து அதிகாரிகளை விரட்டினர். மறுநாள் செய்தி லெ பேனை எட்டியபொழுது கத்தலினோ தம் வீட்டில் ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தார் என்று ஊர் மரபு கூறுகிறது. அரசின் பழிவாங்கல் எப்படியும் வந்தே தீரும், எதிர்த்து நிற்பதே வழி என்று அவர் தெளிந்தார். கையிலிருந்த மாவைத் துடைத்துவிட்டு, மனைவி தடுத்தும் கேளாமல் வெளியேறினார். அவரோடு புறப்பட்டவர்கள் இருபத்தேழு பேர் என்பர்.

அன்று மாலைக்குள் அச்சிறு கூட்டம் பெருகி ஜாலே ஊரைக் கைப்பற்றிற்று. அங்கே கிடைத்த பீரங்கிக்கு 'மறைப்பணியாளர்' என்று பெயரிட்டனர். மறுநாள் ஷோலே நகர் வீழ்ந்தது. அரிவாளும் கவைக்கோலும் ஏந்திய அவ்வுழவர்கள் தம் மேலாடையில் திரு இருதயச் சின்னத்தைத் தைத்துக்கொண்டும் கழுத்தில் செபமாலை அணிந்துகொண்டும் சென்றனர். பின்னர் உயர்குடியினரும் வந்து சேர்ந்தனர். எனினும் 1793 ஜூன் 12-இல் சோமூர் நகரில் கூடிய தலைவர்கள், 'கத்தோலிக்க அரச சேனை' என்று தம்மை அழைத்துக்கொண்ட அப்படைக்குத் தலைமைத் தளபதியாக இவ்வண்டி வணிகரையே தேர்ந்தெடுத்தனர். ஜூன் 29-இல் நான்த் நகர்மீது நடந்த தாக்குதலில் அவர்மீது குண்டு பாய்ந்தது. ஜூலை 14-இல் சேன் ஃப்ளோரானில் உயிர் துறந்தார். மக்கள் அவரை 'ஆன்ஜூவின் புனிதர்' என்றழைத்தனர்.

மன்னிப்பும் கொடுமையும்

இப்போரை எழுதுகிறவர் இரு பக்கத்தையும் எழுதக் கடமைப்பட்டவர். கிளர்ச்சியாளர்களும் இரத்தக் கறை அற்றவர் அல்லர். 1793 வசந்தத்தில் மஷ்கூல் நகரில் குடியரசு ஆதரவாளர் நூற்றுக்கும் மேற்பட்டோரை அவர்கள் கொன்றனர். செபமாலை அணிந்திருப்பதனாலேயே ஒருவன் செய்யும் கொலை புனிதமாகிவிடாது.

அரசின் பழிவாங்கலோ அதனினும் பன்மடங்கு பெரிது. 1794 ஜனவரி முதல் தளபதி தூரோ அனுப்பிய படைகள், 'நரகப் படைகள்' என்று மக்கள் அழைத்தவை, ஊர் ஊராக எரித்துச் சென்றன. பெண்களையும் குழந்தைகளையும் கொன்று குவித்தன. ஆன்ஜே நகரில் குருக்களும் பொதுநிலையினரும் கில்லட்டினாலும் துப்பாக்கியாலும் மாண்டனர். அவர்களுள் 99 பேரைத் திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் 1984 பிப்ரவரி 19-இல் அருளாளர் நிலைக்கு உயர்த்தினார். அத்தொண்ணூற்றொன்பதின்மருள் பெரும்பாலோர் பொதுநிலைப் பெண்கள் என்பது நம் சிந்தனைக்குரியது.

இவ்விருளின் நடுவே ஒரு விளக்கும் எரிந்தது. 1793 அக்டோபர் 18-இல், தோற்றுப் பின்வாங்கிய கிளர்ச்சிப் படை சேன் ஃப்ளோரானில் லுவார் ஆற்றைக் கடந்துகொண்டிருந்தது. அங்கே ஏறத்தாழ 5,000 குடியரசு வீரர்கள் சிறைப்பட்டிருந்தனர். அவர்களைக் கொன்றுவிட வேண்டும் என்று சினமுற்ற வீரர்கள் கூவினர். முன்னாள் ஷோலேயில் படுகாயமுற்று இறந்துகொண்டிருந்த தளபதி போன்ஷான், கைதிகளுக்கு உயிர்ப்பிச்சை அளிக்கும்படி ஆணையிட்டார். அவர்கள் விடுவிக்கப்பட்டனர். அவ்வாறு உயிர் பிழைத்தவர்களுள் ஒருவரின் மகன்தான் புகழ்பெற்ற சிற்பி தவீத் தாஞ்ஜே. தாம் குடியரசுக் கொள்கையராக இருந்தும், தந்தையின் உயிரைக் காத்தவருக்கு நன்றியாக அவர் போன்ஷானின் கல்லறைச் சிற்பத்தை வடித்தார். அது இன்றும் சேன் ஃப்ளோரான் ஆலயத்தில் உள்ளது.

1795 பிப்ரவரியில் ஏற்பட்ட உடன்படிக்கை வழிபாட்டு உரிமையை வழங்கிற்று. மீண்டும் மீண்டும் மூண்ட போர், 1801-இல் திருத்தந்தை ஏழாம் பத்திநாதருக்கும் நெப்போலியனுக்கும் இடையே ஒப்பந்தம் ஏற்பட்டபின் ஓய்ந்தது. லெ பேன் ஊருக்கு ஆலயமும் குருவும் மீண்டனர்.

ஆலயம் யாருக்குச் சொந்தம்?

அடுத்த நூறு ஆண்டுகள் ஊரும் பங்கும் ஒன்றாகவே நடந்தன. மன்னராட்சி மீண்ட காலத்தில், 1827-இல், கத்தலினோவுக்கு அவ்வூரில் சிலை எழுந்தது. 1830-இல் ஆட்சி மாறியபின் அச்சிலை உடைத்தெறியப்பட்டது. ஆயினும் நினைவை உடைக்க இயலவில்லை. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆன்ஜே நகரக் கண்ணாடிக் கலைஞர் ழான் கிளமான் வடித்த வண்ணக் கண்ணாடிச் சன்னல்கள் அவ்வூர் ஆலயத்தில் அமைந்தன. கத்தலினோவின் வாழ்வும் வாந்தே போரும் அங்கே ஒளியிற் காட்சி தருகின்றன. எழுத்தறியாதவரும் தம் பாட்டனாரின் கதையை ஞாயிறுதோறும் அவற்றில் படித்தனர்.

பின்னர் வந்தது 1905 டிசம்பர் 9-ஆம் நாள் சட்டம். அது திருச்சபையையும் அரசையும் பிரித்தது. அதன் தொடர்ச்சியாக 1907, 1908-ஆம் ஆண்டுகளில் இயற்றப்பட்ட சட்டங்களால், அதற்கு முன் கட்டப்பட்ட பங்கு ஆலயங்கள் ஊராட்சிகளின் உடைமையாயின. பேராலயங்கள் நாட்டரசின் உடைமையாயின. கட்டடம் ஊராட்சிக்குச் சொந்தம். வழிபாட்டுக்கு அதைப் பயன்படுத்தும் உரிமை கத்தோலிக்க சமூகத்துக்கு. கூரை ஒழுகினால் ஊராட்சி பார்க்கலாம்; திருப்பலி நேரத்தைப் பங்குத்தந்தை குறிப்பார். இவ்வமைப்பு நமக்குப் புதுமையாகத் தோன்றும். ஆனால் சிற்றூர்களில் இது பலகாலம் இடரின்றி நடந்தது. மன்றத்தில் அமர்ந்தவர்களும் பீடத்தின்முன் முழந்தாளிட்டவர்களும் ஒரே மக்கள்தாமே!

நாம் இங்கே கூர்ந்து நோக்க வேண்டுவது ஒன்றுண்டு. ஓர் ஊராட்சி இன்னொன்றில் கலந்தால் அதன் உடைமைகளும் அதனோடு செல்லும். ஆதலின் 2015-இல் லெ பேன் இணைந்தபொழுது, கத்தலினோவின் வண்ணச் சன்னல்கள் உட்பட அவ்வாலயம் முழுவதும் புதிய நகராட்சியின் உடைமையாயிற்று. குடியரசை எதிர்த்து மாண்டவரின் உருவத்தைத் தாங்கிய கண்ணாடிக்கு இன்று காவல் குடியரசின் நகராட்சி. காலம் செய்யும் சமரசங்கள் இத்தகையன.

இணைப்பு

பிரான்சில் ஊராட்சிகளை இணைக்கும் முயற்சி பழையது. 1971 ஜூலை 16-இல் ஒரு சட்டம் இயற்றப்பட்டது; அதனால் நிகழ்ந்த இணைப்புகள் சில; அவற்றுள்ளும் பல பின்னர்ப் பிரிந்தன. 2010 டிசம்பர் 16-இல் வந்த சட்டம் வேறு வழியை வகுத்தது. இணையும் ஊர்கள் தம் பழைய பெயரோடு துணை ஊர்களாக நீடிக்கலாம். ஒவ்வொன்றுக்கும் ஒரு துணை மேயரும் கிளை அலுவலகமும் இருக்கலாம் என்றது. ஆயினும் வரியும் வரவு செலவும் முடிவெடுக்கும் மன்றமும் ஒன்றே. 2015 மார்ச்சு 16-ஆம் நாள் சட்டம் இதனோடு பண ஊக்கத்தையும் சேர்த்தது. நடுவணரசு ஊராட்சிகளுக்கு வழங்கும் மானியத்தைக் குறைத்துவந்த காலம் அது. அடுத்த ஆண்டு பிறப்பதற்குள் இணையும் ஊர்களுக்கு மூன்றாண்டுகள் மானியம் குறையாது என்று அச்சட்டம் உறுதியளித்தது. டிசம்பர் 15 என்னும் நாளின் பொருள் இப்பொழுது விளங்கும்.

அந்த ஒரே நாளில் மோஜ் நாட்டின் அறுபதுக்கும் மேற்பட்ட ஊர்கள் ஆறு நகராட்சிகளாகச் சுருங்கின. போன்ஷான் மன்னிப்பு அளித்த சேன் ஃப்ளோரானும் அன்றே மோஜ் சுர் லுவார் என்னும் புதிய நகராட்சியில் கலந்தது. நாடு முழுவதும் 2015 தொடக்கத்தில் 36,658 ஆக இருந்த ஊராட்சிகள் 2019 தொடக்கத்தில் 34,970 ஆகக் குறைந்தன.

இணைப்பால் நன்மைகள் இல்லாமல் இல்லை. ஒரு சிற்றூர் தனித்து வைத்துக்கொள்ள இயலாத பொறியாளரையும் கணக்கரையும் பத்து ஊர்கள் சேர்ந்து வைத்துக்கொள்ளலாம். குழந்தைகள் காப்பகமும் சாலைப் பணியும் முதியோர் உதவியும் செம்மையுறும். இழப்புகளும் உண்டு. முன்பு ஊரார் தம் மேயரைக் கடைத்தெருவில் மறித்துக் குறை சொல்லலாம். இப்பொழுது முடிவுகள் வேறோர் ஊரில் எடுக்கப்படுகின்றன. இணைந்த ஊர்கள் பலவற்றில் இன்னொரு சிறு துன்பமும் நேர்ந்தது. பிரான்சின் ஊர் ஒவ்வொன்றிலும் 'ஆலயத் தெரு' ஒன்று இருப்பது வழக்கம். ஒரே நகராட்சியில் பல ஆலயத் தெருக்கள் இருந்தால் அஞ்சலும் அவசர ஊர்தியும் தடுமாறும். ஆதலின் ஒன்றை வைத்துக்கொண்டு மற்றவற்றின் பெயரை மாற்ற நேர்ந்தது. தெருவின் பெயர் மாறும் நாளில்தான் தம் ஊர் இணைந்துவிட்டதை முதியோர் பலர் உணர்ந்திருப்பர்.

ஆனால் நம் முதல் வினாவுக்கு விடை இச்சட்டங்களில் இல்லை. அது இவற்றுக்கு முந்திய அரை நூற்றாண்டில் இருக்கிறது. குழந்தைகள் நகர மருத்துவமனைகளில் பிறக்கத் தொடங்கியபின், சிற்றூர்ப் பதிவேட்டில் பிறப்பு என்னும் பக்கம் அநேகமாக வெறுமையாயிற்று. பிறப்பு நிகழ்ந்த இடத்திலேயே பதிய வேண்டும் என்பது அந்நாட்டுச் சட்டம். தறிகள் நின்றன, மக்கள் வேலைக்குப் பிற ஊர்களுக்குச் சென்றனர், பொருள் வாங்க நகருக்குச் சென்றனர். குருக்களின் எண்ணிக்கை குறைந்தது. ஞாயிறு திருப்பலிக்கு வருவோரும் குறைந்தனர். பிரான்சின் மறைமாவட்டங்கள் பலவும் பல ஊர்ப் பங்குகளைச் சேர்த்துப் பெரும்பங்குகளாக அமைத்தன. ஒரு குரு பல ஆலயங்களுக்குப் பொறுப்பானார். ஓர் ஆலயத்தில் திருப்பலி எல்லா ஞாயிறும் நிகழாமல் முறைவைத்து நிகழ்ந்தது.

1793-இல் பங்கு பறிக்கப்பட்டபொழுது மக்கள் ஞாயிறுதோறும் அதில் நிறைந்திருந்தனர். நிறைந்திருந்த ஒன்றைப் பறித்ததனால் வலித்தது, வலித்ததனால் எழுந்தனர். 2015-இல் அரசு எடுத்துக்கொண்டது ஒரு முத்திரையையும் ஒரு பதிவேட்டையும். அவற்றைச் சுற்றியிருந்த வாழ்வு முன்பே பல திசைகளில் கலைந்து சென்றிருந்தது. கையொப்பமிடும் நாளில் ஊர் கரைவதில்லை. அதற்கு முந்திய ஓசையற்ற ஆண்டுகளில் கரைகிறது.

இடிக்கப்பட்ட ஆலயம் ஒன்று

அப்படியாயின் தனித்து நின்றிருந்தால் ஊர் பிழைத்திருக்குமா? இதற்கு விடை தரும் நிகழ்ச்சி ஒன்று அதே வட்டாரத்தில் நடந்தது. லெ பேனோடு அன்று இணைந்த ஒன்பது ஊர்களுள் ஜெஸ்தே என்பதும் ஒன்று. அதன் பழைய ஆலயம் வாந்தே போரில் தீக்கிரையாயிற்று. போருக்குப்பின் மக்கள் அதை மீண்டும் கட்டினர். 19-ஆம் நூற்றாண்டின் இரண்டாம் பாதியில் புனித பேதுருவின் பெயரால் பேராலயம் போன்றதொரு கோபுர ஆலயத்தை எழுப்பினர். நூற்றைம்பது ஆண்டுகளில் அது பழுதுற்றது. பழுது நீக்கும் செலவைத் தாங்க இயலாது, இடித்துவிடலாம் என்று 2007-இல் ஊராட்சி மன்றம் தீர்மானித்தது. ஊராருள் ஒரு பகுதியினர் சங்கம் அமைத்து எதிர்த்தனர், நீதிமன்றம் சென்றனர், வழக்கு ஆண்டுக்கணக்கில் நீண்டது. இறுதியில் 2013-இல் ஆலயம் இடிக்கப்பட்டது. மணிக்கூண்டும் நிலவறையும் எஞ்சின.

ஆண்டுகளைக் கவனியுங்கள். ஆலயம் இடிக்கப்பட்டது 2013-இல். ஊர் இணைந்தது 2015-இல். ஆலயத்தை இடிக்க முடிவெடுத்தது தொலைவிலிருந்த நகராட்சி அன்று. அவ்வூரின் சொந்த மன்றமே. 'நரகப் படைகள்' காலத்தில் அந்நியர் எரித்த ஆலயத்தை அவ்வூரார் வறுமையிலும் எழுப்பினர். பின்னர் அமைதிக் காலத்தில், எவரும் எரிக்காத ஆலயத்தை அவ்வூர் மன்றமே இறக்கிற்று. மன்றத்தாரைக் கொடியவர் என்றல் முறையாகாது. அவர்கள் முன்னிருந்தது ஒரு கணக்கு: இத்தனை பணம், இத்தனை வழிபடுவோர். அக்கணக்கின் இரண்டாம் எண் சிறுத்தபொழுது முதல் எண் பெருத்துத் தோன்றிற்று.

ஆகவே, ஊராட்சி தனித்திருந்தால் ஆலயம் பிழைக்கும், இணைந்தால் அழியும் என்று கொள்வதற்கில்லை. தனித்திருந்து இழந்த ஊரும் உண்டு. இணைந்த பின்னும் ஆலயத்தைக் காத்துவரும் ஊர்களும் உண்டு. ஆலயத்தின் ஆயுளை முடிவு செய்வது எல்லைக்கோடு மட்டும் அன்று. அங்கே கூடுகிறவர்களின் எண்ணிக்கையும் உறுதியும் அதில் பெரும்பங்கு பெறுகின்றன.

எது ஊர்?

திருச்சபைச் சட்டத்தின் 515-ஆம் பிரிவு பங்கு என்பதை ஒரு நிலப்பரப்பு என்று வரையறுக்கவில்லை. நிலையாக அமைக்கப்பட்ட இறைமக்கள் சமூகம் என்றே வரையறுக்கிறது. பங்கை நிறுவவும் மாற்றவும் நீக்கவும் ஆயருக்கே அதிகாரம் உண்டு. அவரும் குருக்கள் மன்றத்தின் கருத்தைக் கேளாமல் அதைச் செய்தலாகாது. 2020 ஜூலையில் குருக்களுக்கான உரோமைப் பேராயம் வெளியிட்ட அறிவுரை இன்னும் ஒரு படி மேலே சென்றது. குருக்கள் பற்றாக்குறையோ மறைமாவட்டத்தின் பொதுவான பணமுடையோ மட்டும் ஒரு பங்கை நீக்கப் போதிய காரணம் ஆகா என்று அது தெளிவுபடுத்திற்று. ஒவ்வொரு பங்கையும் அதனதன் நிலை அறிந்து தனித்தனியே ஆராய வேண்டும் என்பதே அதன் கருத்து.

சட்டம் பங்குக்குக் காவலாக நிற்கிறது. ஆனால் சமூகம் இல்லாத இடத்தில் அது எதைக் காக்கும்? கத்தலினோவின் காலத்தில் அரசும் சட்டமும் அம்மக்களுக்கு எதிராக நின்றன. குருவும் இல்லை, ஆலயம் பூட்டிக் கிடந்தது, மணி இறக்கப்பட்டது. எனினும் களஞ்சியத்தில் திருப்பலி நிகழ்ந்தது. இரவுப் பவனி நடந்தது. தாய்மார் குழந்தைகளுக்குச் செபம் கற்பித்தனர். ஏட்டில் நீக்கப்பட்ட பங்கு மக்களிடத்தில் வாழ்ந்தது. ஆன்ஜேயின் அருளாளர் பட்டியலில் பொதுநிலைப் பெண்கள் மிகுந்திருப்பதன் காரணமும் இதுவே. குரு ஒளிந்திருந்த நாள்களில் அவருக்குக் கதவைத் திறந்தவர்கள் அவர்கள்.

இவ்வரலாறு பொதுநிலையினராகிய நமக்கு ஒரு பொறுப்பை உணர்த்துகிறது. பங்கின் எல்லையை மாற்றுவதும் ஊரின் பெயரை மாற்றுவதும் நம் கையில் இல்லை. பங்கின் பேரவையில் அமர்வதும், கல்லறைத் தோட்டத்தைப் பேணுவதும், பழைய பதிவேடுகள் செல்லரிக்காமல் காப்பதும், ஊரில் புதிதாகக் குடிவந்தவரை அடுத்த ஞாயிறு ஆலயத்துக்கு அழைத்துவருவதும் நம் கையில் உள்ளன. இச்சிறு செயல்கள் நடைபெறும் இடத்தில் பங்கு நிலைக்கிறது. இவை நின்ற பிறகு, பெயரைக் காக்க எத்தனை தீர்மானம் இயற்றினும் பயன் சிறிதே.

லெ பேன் ஊரின் ஆலயம் இன்றும் நிற்கிறது. மாவு பிசைந்த கைகளோடு எழுந்த அந்த எளிய மனிதரின் கதையைக் காலை வெயில் அதன் சன்னல்களில் இன்றும் ஏற்றிக் காட்டுகிறது. அவ்வெளிச்சத்தில் வந்து நிற்போர் இருக்கும்வரை, நகராட்சியின் பெயர் எதுவாயினும், அவ்வூர் ஊராகவே இருக்கும்.